கல்லில் இறங்கிய கங்கை

மலையைச் சித்திரமாக எழுதுவது ஒருவாறு எளிது. அது ஓவியனுக்காக அசையாமல் நின்று கொண்டிருக்கும். மனிதருங்கூடச் சற்று நேரம் பொறுத்திருக்க இசைவார்கள். நீரோ ஒரு கணமும் நில்லாது. ஓவியன் தூரிகையை வர்ணத்தில் தோய்ப்பதற்குள் அவன் கண்ட அலை கரையில் மோதி உடைந்து போகிறது. ஆகையால், கடலையும் அருவியையும் எழுதத் துணிந்த கலைஞர் ஒவ்வொருவரும் தத்தம் கருவிக்கு ஏற்றபடி ஓர் உபாயத்தைத் தேட வேண்டியதாயிற்று. அந்த உபாயங்களுள் சிலவற்றை நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

இத்தாலி தேசத்து லியனார்டோ டா வின்சி (1452-1519) நீரின் சுழல்களை ஏடு ஏடாக வரைந்து ஆராய்ந்தவர். ஓடும் நீரின் போக்குத் தலைமயிரின் போக்கை ஒத்திருப்பதாக அவர் குறித்து வைத்தார். கூந்தல் தன் கனத்தால் கீழ்நோக்கியும், சுருளும் இயல்பால் வளைந்தும் செல்வது போலவே, நீரும் தன் வேகத்தால் ஒரு வழியும், சுழற்சியால் மற்றொரு வழியும் செல்கிறது என்பது அவர் கண்டது. முதுமையில் அவர் தீட்டிய பிரளயச் சித்திரங்களில் வெள்ளம் பெரும் சுருள் சுருளாக எழுந்து உலகத்தை விழுங்குகிறது.

இங்கிலாந்தின் டர்னர் என்னும் ஓவியர் வேறு வழியை மேற்கொண்டார். 1842-இல் அவர் காட்சிக்கு வைத்த படத்தில், பனிப்புயலில் அகப்பட்ட நீராவிக் கப்பல் ஒன்று மங்கலாகத் தெரிகிறது. கடல் எது, வானம் எது, புகை எது என்று பிரித்தறிய முடியாது. எண்ணெய் வர்ணத்தையே சுழற்றிப் புயலாக்கிவிட்டார். சவர்க்கார நுரையும் சுண்ணாம்பும் கலந்த கலவை என்று சிலர் அன்று பரிகசித்தனர். அலையின் உருவம் அந்தப் படத்தில் இல்லை என்பது மெய்யே. அலையின் நடுவே அகப்பட்டவனுடைய திகைப்பு இருக்கிறது.

ஜப்பானியரான ஹொகுஸாய் (1760-1849) கையாண்டதோ மரப்பலகை. சுமார் 1831-இல் வெளிவந்த அவருடைய பேரலைச் சித்திரத்தைப் பாராதவர் இன்று அரிது. படத்தின் அகலம் ஒன்றேகால் அடிதான். அதற்குள் மூன்று படகுகள், படகோட்டிகள், தூரத்தே சிறு குன்று போலத் தோன்றும் பியூஜி மலை, அதன் மேல் கவிழப் போவது போல் நகங்களை விரித்து நிற்கும் அலை, இவ்வளவும் அடங்கியிருக்கின்றன. மரத்தில் செதுக்கும் உளிக்கு மங்கலான கோடு வராது. ஆகவே அவர் நுரையையும் திட்டமான கோட்டிலேயே அமைத்தார். அலை விழுவதற்கு முந்திய கணத்தைத் தேர்ந்தெடுத்ததே அவருடைய சாமர்த்தியம். பிரான்ஸ் தேசத்துச் சங்கீத மேதை டெபுஸ்ஸி கடலைப் பற்றி இயற்றிய வாத்திய இசை 1905-இல் அச்சானபோது, அதன் மேலட்டையை அலங்கரித்தது இந்த அலையே.

இவர்கள் அனைவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னதாக, ஏழாம் நூற்றாண்டில், நமது மாமல்லபுரத்துச் சிற்பிகள் எல்லாவற்றிலும் கடினமான பொருளைக் கையில் எடுத்துக் கொண்டனர். கருங்கல்லைப் போல் ஓட்டத்துக்கு விரோதமான பொருள் வேறு உண்டா? ஏறக்குறைய 90 அடி நீளமுள்ள அந்தப் பாறையின் நடுவே இயற்கையாகவே ஒரு பிளவு இருந்தது. சாதாரணச் சிற்பி அதைக் குறையென்று கருதியிருப்பான். பல்லவச் சிற்பிகளோ அதையே ஆறாக்கி விட்டனர். நாகனும் நாகியும் கைகூப்பி அதில் மேல்நோக்கி நீந்துகின்றனர். தேவரும், முனிவரும், வேடரும், யானைகளும் இருபுறத்திலிருந்தும் அதை நோக்கியே திரும்பியிருக்கின்றனர். கீழே ஒருவர் நனைந்த துணியைப் பிழிகிறார். மற்றொருவர் தண்ணீர்க் குடத்தைத் தோளில் தாங்குகிறார். நீரில் ஓர் அலையைக்கூடச் செதுக்காமல், நீரைக் கண்டவர்களின் முகத்தையும் செயலையும் கொண்டே நீரைக் காட்டிய உபாயம் இது. பாறையின் உச்சியில் தொட்டி இருந்ததற்கான அடையாளங்கள் உள்ளன. விசேஷ தினங்களில் மெய்யான நீரே பிளவின் வழியாக இறங்கியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

இதை அர்ச்சுனன் தபசு என்று சொல்வது வழக்கம். 1914-இல் விக்டர் கொலுபேவ் என்ற அறிஞர் இது பகீரதன் கங்கையைக் கொணர்ந்த காட்சி என்று எழுதினார். விவாதம் இன்னும் ஓயவில்லை. எக்கட்சியை ஏற்றாலும், பிளவைப் பாராமல் சிற்பத்தைப் பார்த்ததாகாது. ஆயினும் அங்கே செல்லும் நம்மவரில் பலர் யானையைக் காட்டிக் குழந்தையை மகிழ்வித்து, தவம் செய்யும் பூனையைக் கண்டு சிரித்து, திரும்பி விடுகிறோம். ஜப்பானிய அலை காகிதத்தில் ஏறி உலகமெல்லாம் சென்று புகழடைந்தது. நமது கங்கை பாறையை விட்டு நகர இயலாது. நாம்தான் அதனிடம் செல்ல வேண்டும்.

செல்வதற்குக் காலமும் கருத வேண்டும். சற்றுத் தூரத்தில் நிற்கும் கடற்கரைக் கோயிலில், உப்புக் காற்றும் மணலும் எத்தனையோ உருவங்களின் முகங்களைத் தேய்த்து விட்டன. கடலரிப்பைத் தடுக்கக் கற்களை அடுக்கியும், காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை நட்டும் காத்து வருகிறார்கள். 1984-இல் இச்சின்னங்கள் உலகப் பாரம்பரியச் சொத்துக்களாக ஏற்கப்பட்டன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது மணல் அகன்று, அதுவரை புதைந்திருந்த சில சிற்பங்கள் வெளிப்பட்டதும் உண்டு. ஆனால் கடல் ஒரு நாள் தந்ததைக் காட்டிலும், நாள்தோறும் சிறுகச் சிறுகக் கொண்டு போனதே அதிகம். பாதுகாப்பு வேலை ஒரு நாளும் நிற்கலாகாது.

அடுத்த முறை குடும்பத்துடன் மாமல்லபுரம் போகும் நேயர்கள், மழைக்காலத்தில் போவார்களாக. யானையைக் காட்டுவதற்கு முன்னால் பிளவைக் காட்டி, "இவர்கள் எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள்?" என்று குழந்தைகளைக் கேளுங்கள். விடையை அவர்களே கண்டு சொல்லுவார்கள்.