நரம்பின் வாயிலும் அறிக்கையின் சொல்லும்

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்தவர்களுட் பலர், ஆங்கில அறிக்கையின் சொற்களைக் கண்டே கலங்கிவிடுகின்றனர். அவற்றின் பொருள் தெரிந்தால் பாதியச்சம் நீங்கும்.

முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் கிளைக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை, அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளுக்கிடையே இருபுறமுமுள்ள சிறு துவாரங்களின் வழியே வெளியேறுகின்றன. முன்புறம் இடைத்தட்டும் பின்புறம் சிறு மூட்டும் இவ்வாயிலின் சுவர்கள். வயதேறத் தட்டுத் தேய்ந்து மூட்டுத் தடித்தால் வாயில் ஒடுங்கும். குனியும்போது அது சற்று விரியும், பின்சாயும்போது குறுகும். நிற்கையிற் கால் விறைக்குஞ் சிலர், குனிந்ததும் சுகங் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘பேட்டன்ட்’ என்றால் வாயில் திறந்துள்ளது என்பதே பொருள், அது நோயன்று. ‘ஸ்டெனோசிஸ்’ என்பது ஒடுக்கம். ஒரு முறையின்படி, நரம்பைச் சூழ்ந்த கொழுப்பு ஓரளவு மறைந்தால் ‘மைல்ட்’, அதாவது இலேசு. சுற்றிலும் மறைந்தும் நரம்பு உருமாறாதிருந்தால் ‘மொடரேட்’, அதாவது நடுத்தரம். நரம்பே நசுங்கினால் ‘சிவியர்’, அதாவது கடுமை.

ஆயினும் இச்சொற்கள் துவாரத்தின் அளவைக் கூறுவனவேயன்றி, நோவின் அளவைக் கூறுவன அல்ல. ஒடுக்கமிருந்தும் வலியறியாது வாழ்வோர் உளர். ஆகவே, உடலைப் பரிசோதித்த வைத்தியரிடமே விளக்கங் கேளுங்கள். ஆனால், கால் வலுவிழந்தாலோ, சலமலம் கட்டுப்படாது போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, அறிக்கைக்குங் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.