சிறிய அலுமினியத் தோணியைச் சிறு செலவிற் சீர்திருத்தல்

பன்விலைப் பகுதியின் நீரைக் கொண்டுசெல்லும் ஹுலு கங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சென்றடைகின்றது. 1985ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட இந்நீர்த்தேக்கத்தின் அணை 122 மீற்றர் உயரமுடையது. இத்தகைய ஆழ்நீரில் மீன் பிடித்தற்கோ மரக்கறி ஏற்றுதற்கோ அலுமினியத் தோணியைப் பயன்படுத்தும் கமக்காரர் பின்வரும் திருத்தங்களைச் செய்துகொள்ளல் நன்று.

1. மிதப்புக் கலன்கள்

மரத்தோணி பெரும்பாலும் நீர் நிறைந்தாலும் மிதக்கும். அலுமினியமோ நீரிலும் 2.7 மடங்கு பாரமானது. ஆதலின் நீர் நிறைந்ததும் தோணி அமிழ்ந்துவிடும். 80 கிலோகிராம் நிறையுள்ள தோணியைத் தாங்குதற்கு ஏறக்குறைய 50 கிலோகிராம் மிதப்பு வேண்டும். இறுக மூடிய 20 லீற்றர் பிளாஸ்டிக் கலன் ஒன்று ஏறத்தாழ 19 கிலோகிராமைத் தாங்கும். நான்கு கலன்கள் தோணியைத் தாங்குவதுடன், அதனைப் பற்றி நிற்போருக்கும் உதவும். பக்கத்திற்கு இரண்டாக, விளிம்பை அண்டி, இருக்கைகளின் கீழ் அவற்றைக் கட்டுக. அடித்தட்டிற் கட்டினால் நீர் நிறைந்த தோணி குப்புறக் கவிழக்கூடும். கட்டியபின் ஆழமற்ற கரையோரத்தில் தோணியை நீரால் நிரப்பிச் சோதித்தல் வேண்டும். பூச்சிகொல்லி இருந்த கலன்களை எக்காரணங்கொண்டும் பயன்படுத்தலாகாது.

2. அரிப்பைத் தடுத்தல்

செம்பு ஆணியும் இரும்பு ஆணியும் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கச் செய்யும். பழுதுபார்க்க அலுமினியத் தறையாணிகளையே கொள்க. செம்புச் சேர்க்கையுள்ள பூஞ்சணகொல்லிகளும் ஈரச் சுண்ணாம்பும் அவ்வாறே கேடு விளைப்பன. போடோக் கலவை, சுண்ணாம்பு, பசளை ஆகியவற்றை மூடிய கலத்தினுள் வைத்தே ஏற்றுக. சிந்தினால், தோணியைக் கரையேற்றி, கழுவுநீர் நீர்த்தேக்கத்திற் சேராவண்ணம் கழுவுக.

3. வழுக்காத அடித்தட்டு

அடித்தட்டு நன்கு உலர்ந்தபின், அலுமினியத்திற்கேற்ற மைபூசி, அது காயுமுன் உலர்ந்த நுண்மணலைத் தூவுக. ஈரக்காலும் வழுக்காது.

4. உடனிருக்க வேண்டியவை

மேலதிகத் துடுப்பொன்றையும் நீரிறைக்கும் தகரத்தையும் கயிற்றாற் கட்டிவைக்க. மூடைகளைத் தோணியின் நடுவே தாழ்வாக அடுக்குக.

இவை யாவும் தோணியைக் காப்பன. ஆளைக் காப்பது உயிர்காப்பு அங்கியே. அதனை இருக்கையின்கீழ் வைத்திருத்தலாற் பயனில்லை. கரையைவிட்டு நீங்குமுன் அணிதல் வேண்டும். நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும்.