உழைப்பும் ஊரும்: டோரீன் மாஸியின் ஆராய்ச்சி

சுரங்கம் மூடப்பட்ட ஊரில் புதிய தொழிற்சாலை ஒன்று அமையுமாயின், வேலையிழந்தவர்களுக்கே அங்கு இடம் கிட்டும் என எண்ணுவது இயல்பு. இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரி வட்டாரத்தில் 1960-களில் நிகழ்ந்தது வேறு. அரசாங்க உதவியை நாடி வந்த கிளைத் தொழிற்சாலைகள் பல, ஆடவரை விடுத்து மகளிரையே வேலைக்கு அமர்த்தின.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் டோரீன் மாஸி அம்மையார் (1944–2016) குறிப்பிடத்தக்கவர். மான்செஸ்டரில் பிறந்த இவர், 1982 முதல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியையாகப் பணியாற்றினார். 1984-இல் லிண்டா மெக்டோவலுடன் எழுதிய கட்டுரையில், டர்ஹாமைப் பருத்தியாலைகள் மிகுந்த லங்காஷயர் முதலிய வட்டாரங்களுடன் ஒப்பிட்டார்.

டர்ஹாமில் சுரங்கம் ஆடவருக்கும் இல்லம் மகளிருக்கும் உரியனவாயின. நிலத்தடியில் பெண்கள் வேலை செய்வதை 1842-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. இல்லத்து வேலையோ எளிதன்று. கணவன் ஒரு ஷிப்டிலும் மைந்தர் வேறு ஷிப்டிலும் திரும்புவர். சுரங்க வாயிலில் குளியலறைகள் ஏற்படுமுன், ஒவ்வொருவர் வரும் வேளையிலும் வெந்நீர் காய்ச்சி, கரி படிந்த உடையைத் துவைத்து, உணவும் படைத்தாக வேண்டும். இவ்வுழைப்பின்றிச் சுரங்கம் நடந்திராது. ஆயினும் இதற்குக் கூலி இல்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் இத்தகையோர்க்குத் ‘தொழில் இல்லை’ என எழுதிப் பழகிய ஊழியர்கள் இதனை நன்கு அறிவர்.

லங்காஷயரிலோ, நெசவுப் பெண்கள் பலர் மணமான பின்னும் தறியை விடவில்லை, தொழிற்சங்கத்திலும் சேர்ந்திருந்தனர். வாக்குரிமை கோரி ஆலைப் பெண்கள் 29,000-க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் 1901-இல் பார்லிமெண்டைச் சென்றடைந்தது.

புதிய தொழிற்சாலைகள் டர்ஹாம் பெண்களை விரும்பியதன் காரணம் இங்கு விளங்கும். கூலி வேலையும் சங்கமும் அவர்களுக்குப் பழக்கமில்லாதவை. ஆகவே குறைந்த ஊதியத்திற்கு இசைவர் என முதலாளிகள் கருதினர். தலைமை அலுவலகமும் ஆராய்ச்சிக் கூடமும் பெரும்பாலும் லண்டனையும் அதன் சூழலையும் விட்டு நீங்கவில்லை. பாகங்களைப் பொருத்தும் வேலையே தொலைவிடங்களுக்குச் சென்றது. இப்பங்கீட்டையே மாஸி அதே ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார்.

அக்காலத்தில் லங்காஷயரிலும் ஆலைகள் மூடப்பட்டுப் பெண்கள் வேலையிழந்தனர். ஆயினும் மணமான பெண்கள் பலர் குறைந்த காப்புறுதிச் சந்தாவே செலுத்தி வந்தமையால், வேலையின்மைக்கான உதவித்தொகை பெற உரிமையற்றிருந்தனர். பெறுவதற்கு ஒன்றும் இல்லாதபோது பெயரைப் பதிவதற்கு எவரே செல்வர்? வட்டாரங்களுக்கு உதவி வழங்க அரசாங்கம் நோக்கியதோ அந்தப் பதிவேட்டு எண்ணிக்கையையே.