வண்டியா, வீடா, வாடகைப் பொருளா?

கிள்ளானிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் தெற்கே போனால் பந்திங், மோரிப், பத்து லாவுட், தஞ்சோங் செப்பாட் என்று ஊர்கள் வரிசையாக வந்து, கடைசியில் போர்ட்டிக்சன். வடக்கே திரும்பினால் காப்பார், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், நெல்வயலும் மீன்பிடிப் படகுகளுமாகச் செகிஞ்சான். ஒரு நீண்ட வார விடுமுறைக்குள் பார்த்துவிடக்கூடிய கடலோரம். ஓட்டல் அறை தேடாமல், கட்டிலும் அடுப்பும் உள்ள கேம்பர்வேனில் இந்த வழியே போய்வரும் ஆசை இப்போது பல தம்பதிகளுக்கு வந்திருக்கிறது.

ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். மனைவிக்குப் பிரிக்ஃபீல்ட்சில் வேலை, கணவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில். முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்து வாட்ஸ்அப்பில் பேசி, 1,000 ரிங்கிட் முன்பணத்தை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு கடை வாசலில் சாவி கைமாறுகிறது. ஒப்பந்தத் தாள் இல்லை.

அந்தச் சாவியோடு அவர்கள் கைக்கு மூன்று பொருள் வந்திருக்கின்றன. சாலையில் அது வண்டி. காசு கொடுத்ததால் வாடகைப் பொருள். இரவில் வீடு. மூன்றுக்கும் வேறு வேறு சட்டம், வேறு வேறு ஆபத்து.

காசு அனுப்புமுன்

வாகனத்தைக் கட்டணத்துக்கு வாடகை விட, 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வேனை வார இறுதியில் வாடகைக்கு விடுபவரிடம் பெரும்பாலும் இந்த உரிமம் இருக்காது. 'அது அவர் பிரச்சினைதானே' என்று தோன்றலாம். விபத்து நடந்த அன்று அது வாடகைக்கு எடுத்தவரின் பிரச்சினையாகிவிடும். தனியார் வாகனக் காப்புறுதிப் பத்திரங்கள் வாடகைக்கு விடுவதைப் பொதுவாக விலக்கியே எழுதப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டி நசுங்கினால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம்; உரிமையாளர் செலவுக்கு உங்களைத் துரத்துவார்.

எனவே கிராண்டின், அதாவது வாகனப் பதிவுப் பத்திரத்தின், நகலைக் கேளுங்கள். எந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி என்பது அதில் இருக்கும். காப்புறுதிப் பத்திரத்தில் வாடகை உபயோகம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, நீங்கள் ஓட்ட அனுமதி உண்டா என்று பாருங்கள். வாடகை விடுபவர் நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்த நிறுவனமா என்பதையும் தேடிப் பாருங்கள். பணம் போகவேண்டிய கணக்கு எண்ணை, மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் ஒரு முறை தட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பணம் அனுப்பிய பிறகு விளம்பரமே மாயமாகிவிட்டால் 997-ஐ உடனே அழைக்க வேண்டும். அது தேசிய மோசடி எதிர்வினை மையம். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவிவிடும்.

பழைய வேனை வாங்கித் தாங்களே கட்டிலும் அலமாரியும் அடிப்பவர்களுக்கு வேறு கவலை. வாகனத்தின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின், அதாவது ஜேபிஜேயின், அனுமதி தேவை, பரிசோதனையும் உண்டு. மாற்றிய விவரத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் மறைத்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே எதிராக நிற்கும்.

உங்கள் லைசன்சுக்கு இந்த வண்டி ஓடுமா?

'டிஏ' வகுப்பு லைசன்ஸ் ஆட்டோ கியர் கார்களுக்கு மட்டும். கேம்பர்வேனாக மாற்றப்படும் வேன்கள் பல மேனுவல் கியர் கொண்டவை. 'டி' வகுப்பில் ஓட்ட, வண்டியின் சுமையற்ற எடை 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. பெரிய மோட்டார்ஹோம்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, பின்னால் இருக்கும் கட்டில். ஒருவர் ஓட்ட, மற்றவர் படுத்துக்கொண்டே போகலாம் என்பதுதான் கேம்பர்வேனின் கவர்ச்சியே. ஆனால் 2009 ஜனவரி 1 முதல் பின்னிருக்கையிலும் பெல்ட் கட்டாயம். திடீரென்று பிரேக் போட்டால் படுத்திருப்பவரும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து முன்னால் பறக்கும்.

கடல் வரும் நேரம்

கிள்ளான் கரையோரத்தில் கடல் மட்டம் ஒரே நாளில் பல மீட்டர் ஏறி இறங்கும். பெரிய நீரேற்ற நாள்களில் கிள்ளான் துறைமுகத்தில் மட்டம் 5 மீட்டரைத் தாண்டும். மாலையில் சேறும் மணலுமாகத் தெரியும் இடம் விடியலில் தண்ணீராக இருக்கலாம். மணல் மேல் வேனை இறக்கி நிறுத்திவிட்டுத் தூங்கினால், டயர் புதைந்து அலை எட்டிப் பார்க்கும்போதுதான் விழிப்பு வரும். ஒவ்வொரு நாளின் நீரேற்ற நேரமும் முன்கூட்டியே வெளியாகிறது. வடிகால், நீர்ப்பாசன இலாகா எச்சரிக்கையும் விடுக்கிறது.

வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் காப்புறுதி தருமா? முழுக் காப்புறுதி என்ற பெயரைப் பார்த்துப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வெள்ளம், மண்சரிவு போன்றவற்றுக்கான சிறப்புப் பாதுகாப்பைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்காவிட்டால், வழக்கமான பத்திரம் அதற்கு ஈடு தராது. இதை 2021 டிசம்பர் பெருவெள்ளம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் கசப்பாகக் கற்றுக்கொடுத்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கின. அந்தப் பருவத்தில் நாடு முழுவதும் வாகனங்களுக்கு ஏற்பட்ட இழப்பு மட்டும் சுமார் 100 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது.

ராத்திரி எங்கே?

2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே ஒரு பண்ணையின் முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். பலர் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த நேரம். அங்கே முகாம் தளம் நடத்த உரிமம் பெறப்படவில்லை என்று அதிகாரிகள் பின்னர் கூறினார்கள். அது மலை, நம் தம்பதி போவது கடல். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தளத்துக்கு ஊராட்சி மன்ற உரிமம் இருக்கிறதா? மோரிப், தஞ்சோங் செப்பாட் பக்கம் என்றால் கோல லங்காட் நகராட்சியிடமும், செகிஞ்சான் என்றால் சபாக் பெர்ணம் மாவட்ட மன்றத்திடமும் விசாரிக்கலாம்.

பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கழிப்பறைத் தொட்டியையும் சாலையோரக் காணில் ஊற்றுவது குற்றமாகலாம். பொது இடத்தில் குப்பை போடுபவர்களுக்கு 2026 ஜனவரி முதல் அபராதத்தோடு சமூக சேவையும் தண்டனையாகக் கிடைக்கலாம்.

உள்ளே தூங்குவதில்தான் பெரிய ஆபத்து. குளுகுளுவென்று இருக்க இயந்திரத்தை ஓடவிட்டுக் காரிலேயே தூங்கி, கார்பன் மோனாக்சைடு தாக்கி இறந்தவர்களைப் பற்றி நம் நாளிதழ்களில் பல முறை செய்தி வந்திருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை; தலைவலி, மயக்கம், பிறகு எழ முடியாத தூக்கம். மூடிய வேனுக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ எரிப்பதும் அப்படித்தான். சமையல் கேஸ் வேறு மாதிரி: காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் காற்றுப் போக்கி தரை மட்டத்திலும் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு கண்டறியும் கருவியைப் படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள்.

போலீஸ் கதவைத் தட்டினால்

கடற்கரையில் இரண்டு பீர் குடித்துவிட்டு வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2020 அக்டோபர் முதல் ரத்தத்தில் மது அளவின் எல்லை 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டி ஓட்டினால், முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும். ஓட்டாமல், போதையில் வண்டியின் பொறுப்பில் இருப்பதும் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 45-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். வண்டியை ஓட்டும் வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க முடிந்தால்தான் தப்பலாம்.

நள்ளிரவில் தட்டுபவர் சீருடையில் இல்லை என்றால் அவருடைய அதிகார அட்டையைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் என்றால் அதற்குக் கீழ், வெள்ளை என்றால் ரிசர்வ் போலீஸ். சிவப்பு அட்டை வைத்திருப்பவர் பணி இடைநீக்கத்தில் இருப்பவர், அவருக்கு அதிகாரமில்லை. வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட சிவப்புக் கையேட்டில் இவை விளக்கப்பட்டிருக்கின்றன. அடையாளக் கார்டு கையில் இருக்கட்டும். லைசன்சை மைஜேபிஜே செயலியில் காட்டலாம்.

நேர்ந்த பிறகு

விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட். காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் செய்து இறுதிப் பதிலைப் பெறுங்கள். பதில் வந்து ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்கு, அதாவது எஃப்எம்ஓஎஸ்சுக்குப் போகலாம். கட்டணம் இல்லை.

முன்பணத்தைத் திருப்பித் தராதது, சொன்ன வசதி வண்டியில் இல்லாதது போன்றவற்றுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அதில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று ஆண்டுக்குள் மனு செய்தால் போதும். உடல் காயம், மரணம் தொடர்பான கோரிக்கைகளை அது ஏற்காது, அவற்றுக்கு நீதிமன்றம்தான்.

மனுவின் முதல் படிவத்தில் எதிராளியின் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டும். நம் தம்பதியிடம் இருப்பதோ ஒரு வாட்ஸ்அப் எண்ணும் வங்கி ரசீதும்தான். தஞ்சோங் செப்பாட்டில் பாவ் சாப்பிட்டு, கோலசிலாங்கூரில் மின்மினி பார்த்து, ஞாயிற்றுக்கிழமை இரவு வண்டியை ஒப்படைக்கிறார்கள். கதவில் ஒரு கீறல் என்று சொல்லி 1,000 ரிங்கிட்டையும் உரிமையாளர் பிடித்துக்கொள்கிறார். அது பழைய கீறல். வெள்ளிக்கிழமை மாலை, சாவி வாங்கியவுடன் மனைவி கைப்பேசியில் வண்டியைச் சுற்றி எடுத்த காணொளியில், தேதியும் நேரமும் சேர்ந்து, அந்தக் கீறல் தெளிவாகவே இருக்கிறது. இப்போது அவர்கள் தேடுவது உரிமையாளரின் முகவரியை.