70 வளைவு, 1000 படி, 2 குட்டீஸ்... கொல்லிமலையில் ஒரு கோடை நாள்!

‘‘பதினேழு!’’ என்று கத்தினாள் பெரியவள். பதினெட்டு வருவதற்குள் சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். மாமாவின் சட்டை, என் துப்பட்டா, சீட் கவர் எதுவும் தப்பவில்லை.

இருவரும் என் அக்காவின் பிள்ளைகள். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இரண்டரை. ஸ்கூல் லீவு விட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் வீட்டில் டி.வி ரிமோட்டுக்கு மூன்று சண்டை, மதியம் தூங்க மறுத்து இரண்டு அழுகை. ஈரோட்டு வெயிலில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வாசலுக்குக்கூட அனுப்ப முடியவில்லை. ‘‘ஒரு நாளாச்சும் எங்கயாவது குளுகுளுன்னு கூட்டிட்டுப் போங்க’’ என்று அக்கா சொல்ல, ஊட்டிக்குக் கூட்டம், ஏற்காட்டுக்குப் போன வருஷமே போயாச்சு என்று கழித்துக் கழித்து கடைசியில் நின்றது கொல்லிமலை. அக்கா, மாமா, அம்மா, நான், இரண்டு வாண்டுகள் என ஒரு காரில் ஆறு பேர்.

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் இந்த மலைக்கு சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளிக்கு வந்தால், அங்கிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட போர்டு உண்டு. பைக் ஓட்டும் அண்ணன்களுக்கு அது சாகசம். எண் படிக்கக் கற்றுக்கொண்ட ஆறு வயசுக்கு அது விளையாட்டு. பின்சீட்டில் சித்தி மடியில் உட்கார்ந்து போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு வந்த இரண்டரை வயசுக்கு அது வாந்தி.

தப்பு என்னுடையதுதான். அழாமல் வரட்டும் என்று போனைக் கொடுத்தது நான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நாம் வளைந்து வளைந்து போகிறோம்’ என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ அசையாத ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு ‘நாம் எங்கேயும் போகவில்லை’ என்கிறது. இந்த இரண்டுக்கும் நடக்கிற குழப்பம்தான் பயண வாந்தி. பொதுவாக இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரைதான் இது அதிகம். கைக்குழந்தைகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே மலையேறிவிடும். எங்கள் ஆள் சரியாக அந்த எல்லைக்குள் நுழைந்திருந்தான். போதாததற்கு, கிளம்பும்போது வயிறு முட்ட பாலும் பொங்கலும் வேறு.

அகலமான இடம் பார்த்து காரை ஓரங்கட்டினோம். முகம் கழுவி, சட்டை மாற்றி, வெளிக்காற்றில் பத்து நிமிஷம் நின்றோம். அதன்பிறகு போன் அம்மாவின் பைக்குள் போனது. கண்ணாடியை இறக்கிவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லி, அவனையும் ‘நம்பர்’ விளையாட்டில் சேர்த்துக்கொண்டோம். அவனுக்குத் தெரிந்த ஒரே எண் ஐந்து. எல்லா போர்டுக்கும் ‘‘அஞ்சு!’’ என்றான்.

முப்பதைத் தாண்டியதும் மாமா கதை சொல்ல ஆரம்பித்தார். இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒற்றை அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் துளைத்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய் நின்றதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ‘‘உடும்பு பாவம்ல, அது என்ன பண்ணுச்சு?’’ என்றாள் பெரியவள். மாமாவிடம் பதில் இல்லை. ஆனால், அடுத்த இருபது வளைவு வாந்தியில்லாமல் போனது.

வழியில் என்னை உறுத்திய ஒரு காட்சி. ஒரே பைக்கில் அப்பா, அம்மா, நடுவில் ஒரு குழந்தை, பெட்ரோல் டேங்க் மேல் இன்னொன்று. பெரியவர்கள் தலையில் மட்டும் ஹெல்மெட். மத்திய அரசு 2022-ல் அறிவித்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை பைக்கில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு பெல்ட் போட வேண்டும். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயதுவரை குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. சமதளத்திலேயே நாம் இதைக் கண்டுகொள்வதில்லை. கீழே அதல பாதாளம் தெரிகிற ரோட்டிலாவது யோசிக்கலாம்.

மேலே போனதும் காற்று மாறிவிட்டது. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது கணக்கு. கொல்லிமலை 1000 முதல் 1300 மீட்டர்வரை உயரம் உள்ளது. ஊட்டி அளவுக்குக் குளிராது, ஸ்வெட்டர் தேவைப்படாது. சின்னக் குழந்தைகளுக்கு அதுவே நல்லது. ஆனால், இந்தக் குளுமையை நம்பி தொப்பியை காரிலேயே விட்டுவிடாதீர்கள். உயரம் போகப் போக புற ஊதாக்கதிர் கூடுகிறது. 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவிகிதம். வேர்க்காததால் வெயில் தெரிவதில்லை, அவ்வளவுதான். மாலையில் பெரியவளின் கன்னம் சிவந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.

செம்மேட்டில் ஒரு சின்ன மெஸ்ஸில் சாமைச் சோறு கிடைத்தது. உள்ளே புடவைத் தூளியில் ஒரு குழந்தை தூங்க, அதன் அம்மா ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே எங்களுக்குக் குழம்பு ஊற்றினார். ‘சிறுதானியம்லாம் குழந்தை சாப்பிடாது’ என்று வீட்டில் அடித்துச் சொல்லும் அக்கா, சின்னவன் ரசம் ஊற்றிக் குழைத்த சாமையை இரண்டாம் முறை கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாந்தி எடுத்து வயிறு காலியாக இருந்ததும் காரணமாக இருக்கலாம்.

இந்தச் சாமைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு சாமையும் கேழ்வரகும் தினைவகைகளும்தான் காலங்காலமாக உணவு. ஆனால், சாமையின் உமி லேசில் பிரியாது. காட்டு வேலை முடித்து வந்த அம்மாக்கள், இடுப்புக் குழந்தையை இறக்கிவிட்டு, உரலில் போட்டு உலக்கையால் மணிக்கணக்கில் குத்தினால்தான் அன்றைக்குச் சோறு. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக்கிழங்கு காசு கொடுத்தது. ரேஷன் அரிசிக்குக் குத்தும் வேலையே இல்லை. சாமைக் காடுகள் சுருங்கிப்போயின. 1990-களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு வேலை செய்து, ஊருக்குள்ளேயே சிறிய அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்தது. உலக்கை வேலை குறைந்தது. பழைய விதைகளும் கொஞ்சம் பிழைத்தன. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘ஹெல்த் மிக்ஸ்’ என்று டப்பாவில் வாங்குவதும் இதே தானியங்களைத்தான். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

சோளக்காடு சந்தையில் அன்னாசி, மலை வாழை, பலா, மிளகு என்று பை நிறைந்தது. அங்கேதான் சின்னதாக ஒரு பதற்றம். மலைத்தேன் விற்பவர் ருசி பார்க்க ஆளுக்கொரு சொட்டு கொடுக்க, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, தோளில் இருந்த ஏழெட்டு மாசக் குழந்தையின் வாயருகே விரலைக் கொண்டுபோனார். அக்கா சட்டென்று, ‘‘பாட்டி, ஒரு வயசு வரைக்கும் தேன் குடுக்கக் கூடாதுங்க’’ என்றாள். தேனில் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். நமக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அவை வளர்ந்து, நரம்பையும் தசையையும் தளர்த்தும் ‘பாட்டுலிசம்’ என்ற நோயை உண்டாக்கலாம். தேன் எவ்வளவு சுத்தமானது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாட்டி விரலைத் துடைத்துக்கொண்டார். எங்கள் அம்மாவுக்குத்தான் கோபம். ‘‘உங்க ரெண்டு பேத்துக்கும் பொறந்தன்னிக்கே நாக்குல தேன்தான் வெச்சேன். என்ன ஆயிப்போச்சு?’’ ஒன்றும் ஆகவில்லை அம்மா, அது நம் அதிர்ஷ்டம்.

மதியம் இரண்டு மணிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் வந்தோம். அங்கிருந்து கீழே இறங்கினால் ஆகாய கங்கை. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் இடம். கொல்லிமலை என்று தேடினால் முதலில் வரும் போட்டோவே அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்.

இறங்குவது சுலபம். அதில்தான் ஏமாந்துபோகிறோம். முதல் நூறு படி பெரியவள் குதித்துக்கொண்டே போனாள். நூற்றைம்பதில் சின்னவன் ‘‘தூக்கு’’ என்றான். இருநூறு தாண்டியபோது எதிரே ஒரு அப்பா ஏறி வந்தார். தோளில் நான்கு வயதுப் பையன், முகமெல்லாம் வியர்வை, பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். பின்னால் வந்த அவர் மனைவியின் கையில் காலி தண்ணீர் பாட்டில்.

அக்கா நின்றுவிட்டாள். ‘‘ஏங்க, திரும்பிடலாம்.’’

‘‘இவ்வளவு தூரம் வந்துட்டு அருவியைப் பாக்காமப் போறதா?’’ என்றார் மாமா.

‘‘இறங்கிடலாம். ஏறும்போது இவனை யாரு தூக்குறது? எங்கிட்ட அரை பாட்டில் தண்ணிதான் இருக்கு.’’

எனக்கும் மாமா பக்கம்தான் மனசு. ஆபீஸில் வீடியோ எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால், சின்னவன் காலையில் வாந்தி எடுத்தவன். கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று அக்கா கேட்டபோது எங்கள் யாருக்கும் நினைவில்லை. குழந்தைக்கு உடம்பில் தண்ணீர் குறைவதற்கு அதுதான் முதல் அடையாளம். நாக்கு வறண்டு, அழுதால் கண்ணீர் வராமல் போவதெல்லாம் அதற்குப் பிறகு. திரும்பி ஏறினோம். பெரியவள் வழியெல்லாம் அழுதாள். அந்த இருநூறு படிக்கே மாமா மூன்று முறை உட்கார்ந்தார். மேலே வந்ததும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருந்த அளவு தண்ணீரில் முழுசாகக் கரைத்து, சின்னவனுக்கு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள் அக்கா. கால் மணி நேரத்தில் ‘சூச்சூ’ என்றான். ஒரு சூச்சூவுக்கு ஒரு குடும்பமே சிரித்து நான் பார்த்ததில்லை.

அழுத பெரியவளை அம்மா ஆற்றோரம் கூட்டிப்போய்ப் பொரி வாங்கிக் கொடுத்தார். அறுத்த மீன் மறுபடி பொருந்தி நீந்தியது என்பது இந்தக் கோயிலின் ஐதீகம். அதனால் இங்கு மீனுக்குப் பொரி போடும் வழக்கம் உண்டு. ‘‘அப்போ ஓரி அடிச்ச உடும்பும் பொருந்திடுச்சா அம்மாயி?’’ என்று கேட்டவள், அதன்பிறகு அருவியைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு மணி நேரம் மீன்தான்.

நான்கு மணிக்கு மேற்கே கறுத்து, இடியோடு கோடை மழை பிடித்தது. நாங்கள் காருக்குள் இருந்தோம். படிகளில் நனைந்தபடி இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரப் படியில் குழந்தையோடு நாங்களும் இருந்திருப்போம். மாமா வைப்பரைப் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆகாய கங்கையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால், ஒருவர் பிள்ளைகளோடு மேலே இருக்க, மாறி மாறி இறங்குங்கள்.

மழை விட்டதும் கிளம்பினோம். போர்டுகள் இப்போது தலைகீழாக வந்தன. எழுபது, அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு... பின்னாலிருந்து எண்ணுவது பெரியவளுக்குக் கஷ்டம். ஆனாலும் விடவில்லை. நாற்பத்தொன்றில் குரல் நின்றது. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கியிருந்தார்கள்.

காரவள்ளியில் வெக்கை முகத்தில் அடித்ததும் சின்னவன் கண் விழித்து, வெளியே பார்த்துச் சொன்னான்: ‘‘அஞ்சு!’’