பவானி: ஷிஃப்ட் பார்க்கும் ஆறு

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே அரவேணு. அங்கே இருக்கும் கேத்தரின் அருவியை போட்டோ எடுக்காமல் திரும்புகிறவர்கள் கம்மி. அந்தத் தண்ணீர்தான் கல்லாறாக ஓடி, மேட்டுப்பாளையம் பக்கத்தில் பவானியில் சேருது. அது பாட்டுக்கு விழுந்து, அது பாட்டுக்கு ஓடுது. ஆனா இதே நீலகிரியின் மேற்குப் பக்கத்திலிருந்து பவானிக்கு வரும் தண்ணீர் அப்படி இல்லை. வழியெல்லாம் வேலை பார்த்துட்டுத்தான் வருது. அந்த வேலைக்குப் பின்னாடி இருந்த ஆட்களைப் பற்றித்தான் இன்றைய எபிசோட்.

முதலில் பைக்காரா. இந்த ஆறு மாயாறாக மாறி, பவானிசாகர் அணையில் பவானியோடு கலக்குது. 1929-ல் இங்கே மின் திட்ட வேலை ஆரம்பிச்சு, 1932-ல் சிங்காராவில் மின்சாரம் வந்தது. விஷயம் சிம்பிள்: தண்ணீரைக் குழாயில் அடைத்து, சுமார் 3,000 அடி கீழே இறக்கினால், அந்த வேகத்தில் டர்பைன் சுத்தும். ஆனா அவ்வளவு செங்குத்தான சரிவில் அந்த இரும்புக் குழாயைக் கொண்டுபோய்ப் பதிக்கணுமே! மேலே குளிர், கீழே மலேரியாக் காடு. பாறை உடைத்ததும் மண் சுமந்ததும் கூலித் தொழிலாளிகள்.

அந்தக் கரண்ட் நேராகப் போனது கோயம்புத்தூருக்கு. அதுக்கு முன்னாடியும் அங்கே மில் உண்டு. ஆனா பைக்காரா வந்த பிறகு 1930களில் மில்கள் வரிசையாக முளைத்தன. சுத்துப்பட்டு கிராமங்களில் மழையைப் பார்த்து வேலை செய்தவர்கள், சங்கு ஊதும் நேரத்தைப் பார்த்து ஓட ஆரம்பிச்சாங்க. கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் சங்கம் கட்டினாங்க. அதுக்குக் கொடுத்த விலையும் பெரிசு. சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நாலு மில் தொழிலாளிகள், ஒரு கொலை வழக்கில், 1946 ஜனவரி 8 அன்று கோவை சிறையில் தூக்கிலிடப்பட்டாங்க. தொழிலாளர் இயக்கம் இன்றைக்கும் அவங்களைத் தியாகிகளாக நினைவு வைத்திருக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு குந்தா. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவி செய்ய, 1960-ல் உற்பத்தி தொடங்கியது. இதில்தான் ஆறு ஷிஃப்ட் பார்க்குது. குந்தா பவர் ஹவுஸில் வேலை முடித்த தண்ணீரை வீணாக்காமல் பிடித்து கெத்தைக்கு, அங்கிருந்து பரளிக்கு, அப்புறம் பில்லூருக்கு அனுப்புறாங்க. ஒரே தண்ணீர், நாலு பவர் ஹவுஸ். பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிநீரும் போகுது.

சாயங்காலம் ஊரே ஒரே நேரத்தில் லைட் போடும்போது, சில நிமிடங்களில் உற்பத்தியைக் கூட்டிவிட முடிவது இந்த மாதிரி நீர்மின் நிலையங்களில்தான். அந்த நேரத்தில் மலைக்குள்ளே ஒருத்தர் டியூட்டியில் இருக்கணும். மழைக்காலத்தில் ராத்திரியில் மதகைக் கவனிக்கவும் ஆள் வேணும். மின்வாரியத்தில் இப்படிப்பட்ட வேலைகளைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பணி நிரந்தரம் கேட்டு பல வருஷமாகப் போராடிட்டு இருக்காங்க.

'நீர்மின்சாரம் மலிவு, எரிபொருள் செலவே இல்லை'ன்னு பாடப்புத்தகம் சொல்லும். எரிபொருளுக்குச் செலவில்லைங்கிறது சரிதான். ஆனா மலிவுன்னு சொல்லும்போது பாறை உடைத்தவங்க கூலி, மில்லில் நின்னவங்க ராத்திரி, இன்றைக்கும் நிரந்தரமாகாத வேலை, இதெல்லாம் அந்தக் கணக்கில் வருதான்னு கேட்கணும். உங்க வீட்டில் மில்லிலோ அணை வேலையிலோ இருந்த தாத்தா, பாட்டி இருந்தா, அவங்க கதையை எங்களுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.