நரம்புப் பசையும் குருதியோட்டமும்

மனிதனுடைய மூளை உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்கையில் செலவாகும் ஒட்சிசனில் நூற்றுக்கு 20 பங்கை அது ஒன்றே வாங்கிக்கொள்கின்றது. இவ்வளவு செலவுள்ள உறுப்புக்குச் சேமிப்போ மிகச் சொற்பம். குருதியோட்டம் அறவே நின்றால், பத்து விநாடியளவில் நினைவு தப்பிவிடும். மண்டையோட்டினுள் இடமும் நெருக்கம். ஆதலால், எல்லாப் பகுதிகளுக்கும் ஒருங்கே மிகுதியான குருதியை அனுப்புதல் இயலாது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுபவன் பாத்திக்குப் பாத்தி மடை மாற்றி விடுவதுபோல, தொழிற்படும் பகுதிக்கே அதனைத் திருப்பிவிடல் வேண்டும். அங்ஙனம் மடை மாற்றுவது எது?

இவ்வினாவுக்கு வயது நூற்றாண்டுக்கு மேல். 1880 ஆம் ஆண்டையொட்டி, இத்தாலியின் தூரின் நகரத்து அஞ்செலோ மொசோ என்னும் பேராசிரியர், மண்டையோட்டிற் காயமுற்ற ஓர் உழவனின் மூளைத் துடிப்பைக் கருவியாற் பதிந்துகொண்டிருந்தார். நண்பகல் மணி ஒலித்தது. மூளையின் துடிப்பு உயர்ந்தது. முன்னங்கையின் துடிப்போ மாறவில்லை. 1890 இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த றோயும் ஷெரிங்டனும், மூளையின் தொழிற்பாட்டால் உண்டாகும் இரசாயனப் பொருள்களே அவ்விடத்துக் குருதிக் குழாய்களை விரியச் செய்கின்றன என்று கூறினர்.

இதற்கிடையில், நரம்புக் கலங்களைச் சூழ்ந்துள்ள வேறு கலங்களுக்கு ஜெர்மானிய அறிஞர் விர்ஷோ 1856 இல் ‘நரம்புப் பசை’ எனப் பெயரிட்டிருந்தார். அப்பெயரே அவற்றுக்குப் பகையாயிற்று எனலாம். பசைக்கு ஒட்டுவதன்றி வேறு வேலை உண்டென நெடுங்காலம் பலர் எண்ணவில்லை. ஆனால், அவற்றுள் விண்மீன் வடிவான கலங்களின் அமைப்பே ஒரு குறிப்பைத் தருகின்றது. அவற்றின் நுண்கிளைகள் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இடங்களைத் தழுவி நிற்கின்றன. வேறு சில கிளைகள் பாதம்போல் அகன்று குருதிக் குழாய்களைப் போர்த்துகின்றன. கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் நடுவே நிற்கும் தரகன் நிலை இது.

நரம்புக் கலம் செய்தி அனுப்புகையில் குளுட்டமேற்று என்னும் பொருள் வெளிப்படும். அதனை உணரும் விண்மீன் கலத்தினுள் கல்சியம் உயரும். அதன் விளைவாகப் புரொஸ்டகிளாண்டின் வகைப் பொருள் சுரந்து, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், குழாய் விரியும். 2003 இல் இத்தாலிய ஆய்வாளர் இவ்வழியை எடுத்துக்காட்டினர். மறு ஆண்டே, கனடாவிற் செய்த சோதனையில் கல்சியம் உயர்ந்தபோது குழாய் சுருங்கிற்று! ஒட்சிசன் குறைந்திருந்தால் விரிவும் மிகுந்திருந்தால் சுருக்கமும் நேர்கின்றன என்று 2008 இல் ஒரு விளக்கம் வந்தது. விவாதம் அத்துடன் ஓயவில்லை. நரம்புக் கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு முதலியவற்றால் நேராகவும் குழாய்களை விரிக்கவல்லன. சிறு நாடிகளில் அந்நேர்வழியும், அவற்றினும் நுண்ணிய மயிர்த்துளைக் குழாய்களில் விண்மீன் கலங்களின் வழியும் மேலோங்குகின்றன என 2016 இல் இலண்டன் ஆய்வாளர் கண்டனர்.

மயிர்த்துளைக் குழாய்களைக் கட்டிப்பிடித்திருக்கும் சுருங்கு கலங்களே அங்கு அக்கட்டளையை நிறைவேற்றுபவை. பாரிசவாத நோயில் இவற்றுக்கு நேரும் கதி கவனிக்கத்தக்கது. அடைத்த குருதிக் கட்டியை மருத்துவர் அகற்றிப் பெருநாடியைத் திறந்த பின்னரும், சில நோயாளரின் மூளையில் நுண்குழாய்கள் திறப்பதில்லை. குருதி நின்ற வேளையில் இச்சுருங்கு கலங்கள் இறுகி, இறுகிய பிடி தளராமலே இறந்துபோவது எலிகளிற் செய்த சோதனைகளிற் புலப்பட்டது. அப்பிடியை உரிய நேரத்தில் தளர்த்தும் மருந்தை ஆய்வாளர் தேடிவருகின்றனர்.